பட்டா இல்லாதவரின் கணக்கு: சோவியத் திட்டமும் நெய்வேலி நிலமும்

2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணி அது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் அவ்வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்றோரின் இழப்பு எந்தக் கணக்கில் சேர்ந்தது? அரசே முன்னின்று நடத்தும் பெருமாற்றங்களை இக்கேள்வியைக் கொண்டே நாம் அளக்க வேண்டும்.

இத்தகைய மாற்றத்தின் முன்மாதிரி சோவியத் ஒன்றியம். நெய்வேலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு: இங்குள்ள முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் எழுப்பப்பட்டு, 1962இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது.

1928இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் வேளாண் நாடொன்றைச் சில ஆண்டுகளில் தொழில் நாடாக மாற்ற முனைந்தது. யூரல் பகுதியின் வெற்றுப் புல்வெளியில் மாக்னிடோகோர்ஸ்க் என்னும் எஃகு நகரம் எழுந்தது. உழைப்பாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தன. எழுத்தறிவு வேகமாகப் பரவியது. இவை மெய்யான சாதனைகள்.

இவற்றின் விலையைக் கிராமம் கொடுத்தது. நிலங்கள் வலுக்கட்டாயமாகக் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டன, தானியம் பறிக்கப்பட்டது. 1932–33 பஞ்சத்தில் உக்ரைன், கஜகஸ்தான் முதலிய பகுதிகளில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். 1932 டிசம்பரில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்தது. கூட்டுப்பண்ணை உழவர்களில் பெரும்பாலோருக்கு அது வழங்கப்படவில்லை. 1974 வரை இந்நிலை முழுமையாக மாறவில்லை. உழைப்பாளரின் அரசு என்று பெயர் பெற்ற நாட்டில், உழுதவர் ஊரைவிட்டு வெளியேற அனுமதிக்குக் காத்திருந்தார். இதைத் தட்டிக்கேட்கச் சுதந்திரமான நீதிமன்றமோ இதழோ சங்கமோ அங்கு இல்லை.

நெய்வேலி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவுபெற்றது. அதே மாதத்தில், நவம்பர் 20 அன்று, காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு உரையாற்றினார் அண்ணல் அம்பேத்கர். சுரண்டலை ஒழிக்கும் மார்க்சின் இலக்கை ஏற்ற அவர், வன்முறையையும் சர்வாதிகாரத்தையும் மறுத்தார். 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் அவர் தந்த திட்டம் இதனினும் தெளிவானது: முக்கியத் தொழில்களும் வேளாண் நிலமும் அரசுடைமை, நிலம் சாதி வேறுபாடின்றிக் கிராமத்தாருக்குக் குத்தகை, நிலக்கிழாரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. இவை சர்வாதிகாரத்தால் அன்று, அரசமைப்புச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும் என்றார்.

நெய்வேலியில் தொழில் அரசுடைமையானது. நிலவுறவு சாதியின் கையிலேயே இருந்தது. இங்குச் சர்வாதிகாரம் இல்லை. நீதிமன்றம் உண்டு, போராட்டம் உண்டு. எனினும் இழப்பீட்டின் அளவுகோல் பட்டாவாக இருக்கும்வரை, தலைமுறைகளாக நிலவுரிமை மறுக்கப்பட்ட சேரி மக்கள் அக்கணக்கிற்கு வெளியேதான் நிற்பர். ஏக்கர் எண்ணப்படும், கூலிநாள் எண்ணப்படாது.

2013ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் இதை ஓரளவு திருத்தியது. கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்றாண்டுகள் அப்பகுதியில் வேலைசெய்து, முதன்மை வாழ்வாதாரத்தை இழக்கும் வேளாண் தொழிலாளர் குடும்பமும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என ஏற்றது. அத்தகையோரை முன்கூட்டியே கண்டறியும் கருவி சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாடோ, தொழில் நோக்கங்களுக்கான தன் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலங்களுக்கு அம்மதிப்பீட்டிலிருந்து விலக்கு அளித்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அவ்வேற்பாட்டை ஏற்றது.

எனவே நம் கோரிக்கை இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவதோடு நின்றுவிடக் கூடாது. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் நிலமற்றோர் பெயர் ஏறுகிறதா என்பதே முதல் கேள்வி. நூறு நாள் வேலை அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு குடியிருப்பிலும் அக்கணக்கை நாமே எடுத்து வைப்பது இன்றைய கடமை. எண்ணப்படாதவருக்கு எந்தத் திட்டத்திலும் பங்கில்லை என்பதையே மாக்னிடோகோர்ஸ்கும் நெய்வேலியும் ஒருசேர உணர்த்துகின்றன.