கதவைத் தட்டிய கை

பத்துப்பாட்டில் மிக நெடியது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி. 782 அடிகள் கொண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த இப்பாட்டு, இடையே கூடல் நகரின் ஒரு நாளை யாமம் யாமமாகக் காட்டிச் செல்கிறது. அதன் வைகறைப் பகுதியில் புலவர் கண்ணைக் காட்டிலும் காதையே நம்புகிறார். அந்தணர் வேதம் ஓதுகின்றனர். யாழோர் மருதப்பண் அமைக்கின்றனர். கொட்டிலில் குதிரைகள் புல் மெல்லுகின்றன. கள் விற்போர் விலை கூறுகின்றனர். துயிலெழுந்த பெண்கள் நடக்க அணிகள் ஒலிக்கின்றன. திண்ணிய சுவர்களுடைய வீடுகளின் கதவுகள் ஓசையிட்டுத் திறக்கின்றன. நாழிகை சொல்வோர் பொழுதை அறிவிக்கின்றனர். தெருவில் நிற்கும் ஒருவர், எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பாராமலே, ஊர் விழித்துவிட்டதை அறிந்துகொள்கிறார்.

வீட்டின் ஓசையைக் கொண்டு அதில் வாழ்பவரின் நாளை அறியும் இந்தக் கலையை இன்று இயந்திரங்களுக்குக் கற்பிக்கின்றனர். தனித்து வாழும் முதிய பெற்றோரைத் தொலைவிலிருக்கும் பிள்ளைகள் இவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இது முற்றிலும் புதியது என்று எண்ணுவோர்க்கு நம் இலக்கியம் சிலவற்றை நினைவூட்டுகிறது.

முதலாவது, ஓசை ஏமாற்றும் என்பது. தொல்காப்பியக் களவியல் ‘அல்லகுறிப்படுதல்’ என்று ஒரு நிலையைப் பேசுகிறது. இரவில் வரும் தலைவன் தன் வருகையை ஓர் ஒலியால் தெரிவிப்பான். நீரில் கல் எறிவான், மரத்திலுள்ள பறவையை எழுப்புவான். அதே ஒலி தானாகவும் எழக்கூடும். காற்றில் காய் ஒன்று குளத்தில் விழ, தலைவி வெளியே வந்து, எவரையும் காணாது திரும்புவாள். குறியல்லாததைக் குறியாகக் கொண்ட பிழைக்கு இலக்கணமே ஒரு பெயர் வைத்திருக்கிறது. இயந்திரம் தவறாக எழுப்பும் எச்சரிக்கைக்கு இன்று தமிழில் ஒரு சொல் தேடுவோர், அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, அப்பிழையின் விலை. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில், மதுராபதித் தெய்வம் பாண்டியர் குலத்தின் செங்கோன்மையைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கும்போது, வறிய கீரந்தையின் மனைவியைப் பற்றிச் சொல்கிறது. அரசனின் காவலே குறையற்ற வேலி என்று மனைவியைத் தேற்றிவிட்டுக் கணவன் பிரிந்து சென்றிருந்தான். ஒரு நாள் அரசன் அவ்வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அந்த வேலி இன்று என்னைக் காவாதோ என்று அவள் உள்ளிருந்து கூறியது, காய்ச்சிய ஆணிபோல் அவன் செவியில் இறங்குகிறது. அரசன் தட்டிய தன் கையைத் தானே குறைத்துக்கொள்கிறான்.

அவன் ஏன் தட்டினான் என்பதைச் சிலம்பு விரித்துரைக்கவில்லை. பின்னர் வழங்கிய கதை அந்த இடத்தை நிரப்புகிறது. நகர்வலம் வந்த அரசன் அவ்வீட்டைத் தானே காவல் காத்து வந்தானாம். ஓரிரவு உள்ளே ஆண்குரல் கேட்டது. அயலான் என ஐயுற்றுத் தட்டினான். திரும்பி வந்திருந்த கணவனின் குரல் அது. அவள்மேல் பழி வராதிருக்க அத்தெருவின் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுச் சென்றான். மறுநாள் முறையிட வந்தோர் முன் தன் கையை வெட்டினான். பொன்னால் கை செய்து பொருத்தியதால் பொற்கைப் பாண்டியன் ஆனான். பழமொழி நானூறும், எவரும் காணாவிடினும் தானே தனக்குச் சாட்சியாகிக் கை குறைத்த தென்னவனாக இவனைப் போற்றுகிறது.

நம் நோக்கில் இக்கதையின் கூர்மை வேறிடத்தில் உள்ளது. அரசனின் எண்ணம் நல்லது. அவன் கேட்ட ஒலியும் பொய்யன்று. ஆண்குரல் உண்மையிலேயே ஒலித்தது. அதற்கு அவன் கொண்ட பொருளே தவறு. அத்தவறின் பழி கேட்டவன்மீது விழாமல், கேட்கப்பட்டவள்மீது விழவிருந்தது.

இரவில் கதவைத் தட்டும் அரசு நம் காலத்தில் நீதிமன்றம் ஏறியது. உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் வழக்கில், கண்காணிப்பின் பெயரால் காவலர் இரவில் வீடு தேடி வருவதற்கு இடமளித்த விதியை உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாது என்றது. ஆயினும் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்பதை அன்று ஏற்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் அதை உரிமையென அறிவித்தது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 2018இல் நடந்த பன்னாட்டு ஆய்வுப் போட்டி ஒன்றில், ஒரு வீட்டில் ஒருவர் ஒரு வாரம் தனியே வாழ்ந்தபோது பதிவான ஒலிகள் தரப்பட்டன. சமைத்தல், உண்ணுதல், பாத்திரம் கழுவுதல், தொலைக்காட்சி பார்த்தல் என ஒன்பது வகையாக அவற்றைப் பிரிப்பதே கணினிக்கு இட்ட பணி. ஒன்பதில் ஒன்று ‘ஆளின்மை’. ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக உள்ளதென ஒரு படமாக மாற்றி, முன்பு கற்ற படங்களோடு கணினி ஒப்பிடுகிறது. கல்லாத ஒலியைக் கற்ற ஒன்றோடு சேர்த்துவிடுவது அதன் இயல்பு. குக்கரின் விசிலோ, வாசல் தெளிக்கும் ஓசையோ அதன் பாடத்தில் இல்லையெனில் அல்லகுறிதான். அழகர் வைகையில் இறங்குவதைக் காண விடியுமுன் புறப்பட்ட மூதாட்டியின் வீட்டில் நிலவும் அமைதியும், விழுந்து கிடப்பவரின் வீட்டு அமைதியும் அதன் செவிக்கு ஒன்றே.

ஆயினும் இக்கருவியை வேண்டாமென்று தள்ளிவிட முடியாது. விழுந்தவரை நேரத்தில் கண்டறிவது உயிரைக் காக்கும். படம் பிடிக்கும் கருவியைவிட ஒலி கேட்கும் கருவி மானத்தைச் சற்றுக் காக்கவும் கூடும். ஆனால் இங்கே சட்டம் நமக்குப் பெரிதும் துணை வராது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த, இல்லத் தேவைக்குச் செய்வதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. கருவி விற்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்கலாம். மகன் தாயின் வீட்டைக் கேட்பதை அது கேளாது. ஆகவே தாயின் இசைவைப் பெறுவதும், அவர் வேண்டும்போது கருவியை அணைக்க விடுவதும் மகனின் அறமாகவே எஞ்சுகின்றன.

கீரந்தையின் மனைவியை யாரும் கேட்கவில்லை. வேலி வேண்டுமா என்பதைக் கணவனும் அரசனும் தாமே முடிவு செய்தனர். பிழை நேர்ந்தபோது அரசன் தன் கையால் ஈடு செய்தான். பிறர் வீட்டின் ஓசைக்குப் பொருள் சொல்ல முன்வரும் எவரும் அந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.