இல்லாததற்கு ஒதுக்கிய இடம்

ஏதென்ஸில் 2009 ஜூனில் திறக்கப்பட்ட புதிய அக்ரோபோலிஸ் மியூசியத்தில், இருக்கும் சிற்பங்களுக்கு நிகராக இல்லாத சிற்பங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் அழகியலும் அரசியலும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன.

பார்த்தினான் கி.மு. 447க்கும் 432க்கும் இடையில் எழுந்தது. கோயிலாக இருந்து சர்ச்சாகி, பின் மசூதியாகி, துருக்கியரின் வெடிமருந்துக் கிடங்காகவும் இருந்தபோது, 1687ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. 1801 முதல், சுல்தானிடம் பிரிட்டிஷ் தூதராயிருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் எஞ்சிய சிற்பங்களில் பெரும்பகுதியை இறக்கிக் கொண்டுபோனார்கள். 1816ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அவற்றை 35,000 பவுனுக்கு வாங்கியது. எடுத்தவரும் அனுமதித்தவரும் வாங்கியவரும் அந்நியர்கள். ஊர்க்காரனை யாரும் கேட்கவில்லை.

சுவரைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டையின் நீளம் சுமார் 160 மீட்டர். குதிரைவீரர்களும் பலிமிருகங்களும் செல்லும் ஒரே ஊர்வலம் அது. இன்று அதில் ஏறக்குறைய பாதி லண்டனில், மூன்றிலொரு பங்கு ஏதென்ஸில். பொசைடனின் மார்பு ஓர் ஊரில், தோள்கள் வேறோர் ஊரில். ஒரு நீள்கவிதையின் அடிகளை இரண்டு நூலகங்கள் பங்கு போட்டுக்கொண்டது போன்ற நிலை இது. உடைமை பற்றிய வழக்கைவிட, வாசிப்பு சாத்தியமற்றுப் போனதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1982ல் கிரேக்கக் கலாசார அமைச்சர் மெலினா மெர்கூரி, மெக்ஸிகோவில் யுனெஸ்கோ மாநாட்டில் இவற்றைத் திருப்பிக் கேட்டார். ஏதென்ஸில் பாதுகாக்கத் தகுந்த இடம் இல்லை என்பது மறுப்பவர்களின் பழைய வாதம். ஆனால் 1937-38ல் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே, கல் வெள்ளையாகத் தெரியவேண்டுமென்று செப்புக் கருவிகளால் அவற்றின் மேற்பரப்பு சுரண்டப்பட்டது.

கட்டிடக்கலைஞர் பெர்னார்ட் சூமி அந்த வாதத்துக்குக் கட்டிடத்தாலேயே பதில் சொன்னார். மேல்தளம் மட்டும் திரும்பி, பார்த்தினானின் திசையிலேயே நிற்கிறது. கண்ணாடிக்கு வெளியே மலைமேல் கோயில். மூலச் சிற்பங்கள் காலத்தின் பழுப்பேறியவை. லண்டனில் உள்ளவற்றின் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் வார்ப்புகள். இழப்பு நிறத்தாலேயே தெரிகிறது. கீழே, எரெக்தியோன் கோயிலைத் தாங்கிய ஆறு கன்னியரில் ஐவர் நிற்க, லண்டனிலிருப்பவளின் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

இந்த நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அக்ரோபோலிஸில் நின்ற இடைக்காலக் கோபுரத்தை 1875ல் ஏதென்ஸே இடித்தது. மசூதியும் அதற்கு முன்பே போயிற்று. புராதனத்தைத் தூய்மையாகக் காட்ட, நடுவிலிருந்த நூற்றாண்டுகள் துடைக்கப்பட்டன. 2009ல், பாதிரிகள் சிற்பங்களை உடைப்பதாகக் காட்டிய கோஸ்டா காவ்ரஸின் படத்துண்டை, சர்ச்சின் எதிர்ப்புக்குப் பணிந்து இதே மியூசியம் வெட்டியது. கண்டனம் எழுந்தபின் மீண்டும் சேர்த்தது. அயலான் எடுத்துச் சென்றதைக் காட்டும் பிளாஸ்டர், தானே அழித்ததற்குக் கிடைப்பதில்லை.

ஹைடல்பர்க் 2006லும், பாலெர்மோ 2022லும், வாடிகன் 2023லும் தம்மிடமிருந்த துண்டுகளைத் திருப்பின. பிரிட்டிஷ் மியூசியமோ 1963ம் வருடச் சட்டத்தைச் சுட்டுகிறது. லண்டன் சிற்பங்கள் வந்தாலும் மலையேறப் போவதில்லை. மியூசியச் சுவரில்தான் சேரும். அப்படியும் அவை வரவேண்டும், ஊர்வலம் ஒரே அறையில் நடந்து முடிவதற்காக. பிளாஸ்டரை அகற்றும் அன்று, துடைக்கப்பட்ட நூற்றாண்டுகளைப் பற்றியும் அந்த அறை பேசத் தொடங்குமா என்பதே மிஞ்சும் கேள்வி.