கரிக்கணக்கு: லாக் ஷீட் முதல் மென்பொருள் வரை

திண்டுக்கல் சமவெளிக்கு நீராவி ரயிலோடு வந்தது; திருச்சி–மதுரைப் பாதை திறந்தது 1875இல். ஆனால் நீராவியில் மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையம் எதுவும் இங்கே எழவில்லை. வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளுக்கு அனல்மின்சாரம் நெய்வேலி, தூத்துக்குடி, மேட்டூர் போன்ற நிலையங்களிலிருந்து மின்தொகுப்பு வழியாகத்தான் வருகிறது. அந்த நிலையங்களின் திறனைக் கண்காணித்த வரலாறு லாக் ஷீட்டில் தொடங்குகிறது.

நெய்வேலியில் 1962இலும் தூத்துக்குடியில் 1979இலும் முதல் அலகுகள் ஓடத் தொடங்கின. ஷிப்டில் இருப்பவர் மணிக்கொருமுறை மீட்டர்களைப் பார்த்து அழுத்தம், வெப்பநிலை, வெற்றிடம் என்று லாக் ஷீட் எனும் தாளில் குறிப்பார். அதிலிருந்து ஹீட் ரேட், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவான கிலோ கலோரி, கணக்கிடப்படும். ஒரு யூனிட்டுக்கு ஈடான வெப்பம் 860 கிலோ கலோரி. 210 மெகாவாட் அலகுக்கோ 2,400 அளவில் தேவை. கணக்கு முடிந்து பிழை தெரியவரும்போது கரி எப்போதோ சாம்பலாகியிருக்கும்.

அளவுகள் கணினிக்கு நேராகப் போகத் தொடங்கியதும் இந்தத் தாமதம் ஒழிந்தது. அப்போதைய சுமைக்கும் கரிக்கும் இயந்திரம் எப்படி ஓட வேண்டும் என்று மென்பொருள் கணித்து, உண்மை அளவோடு ஒப்பிடுகிறது. நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் வெற்றிடம் குறைகிறது என்று கொள்வோம். குளிர்நீர் உள்ளே போய் வெளியேறும்போது வழக்கத்தைவிட அதிகம் சூடாகியிருந்தால் நீரோட்டம் போதவில்லை. அந்த ஏற்றம் சரியாக இருந்தும் நீராவிக்கும் வெளியேறும் நீருக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு கூடினால் குழாய்களில் அழுக்கு படிந்திருக்கலாம், அல்லது காற்று புகுந்திருக்கலாம். அப்படி நீரான கண்டென்சேட்டில் கரைந்த ஆக்சிஜனும் உயர்ந்தால் சந்தேகம் காற்றின் மேல்தான். கைதேர்ந்த பொறியாளர் இதை முன்பும் செய்தார். மென்பொருள் இரவு ஷிப்டிலும் செய்கிறது.

இந்தியாவில் இத்தகைய கண்காணிப்புக்கு உந்துதல் தந்தது, அமெரிக்க உதவியோடு 1994இல் பொதுத்துறை மின் நிறுவனமான என்டிபிசி தொடங்கிய, மின் நிலையத் திறனுக்கான சென்பீப் மையம். பிறகு இந்திய–ஜெர்மன் திட்டத்தில் 85 அலகுகள் எப்சிலான் மென்பொருளில் மாதிரியாக்கப்பட்டன. 2012இல் தொடங்கிய பாட் (PAT) எனும் ஆற்றல் சேமிப்புத் திட்டம் ஹீட் ரேட்டைச் சட்டப்படியான இலக்காக்கியது.

இந்தக் கணக்கின் பலவீனம் கரியில்தான். அதன் எடையும் கலோரி மதிப்பும் துல்லியமாகக் கிடைப்பது அரிது. ஆகவே இழப்புகளைக் கழித்தே கொதிகலன் திறன் காணப்படுகிறது. அதிலும், புகையின் வெப்பத்தால் எரிகாற்றைச் சூடாக்கும் ஏர் ஹீட்டரில் காற்று கசிந்தால் புகை குளிர்ந்து, இழப்பு குறைந்ததாகத் திரை காட்டும். ஹீட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளந்து திருத்தினால்தான் உண்மை தெரியும்.