வீட்டுக் கம்பியற்ற வலையமைப்புப் பாதுகாப்பு

வீட்டுக் கம்பியற்ற வலையமைப்புப் பாதுகாப்பு என்பது வீட்டிலுள்ள வை-ஃபை இணைப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்துவதையும், அதில் செல்லும் தரவுகளை இடைமறித்துப் படிப்பதையும் தடுக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். வானொலி அலைகள் சுவரோடு நிற்பதில்லை. பூட்டிய வீட்டின் இணைப்பைத் தெருவில் நிற்பவரும் அடைய இயலும்.

இந்திய நிகழ்வுகள்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சலின் ஐ.பி. முகவரி, நவி மும்பையின் சான்பாடாவில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டு இணைப்பைக் காட்டியது. அவர் விசாரிக்கப்பட்டார். அவருடைய பாதுகாப்பற்ற வை-ஃபை இணைப்பை வேறு ஆட்கள் பயன்படுத்தியது பின்னர் தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லிக் குண்டுவெடிப்பின்போதும் மும்பை செம்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் இணைப்பு இவ்வாறே பயன்பட்டது. ஓர் இணைப்பின் வழி நிகழும் செயல்கள் அனைத்தும் ஒரே முகவரியிலிருந்து வருவனவாகத் தோன்றுவதால், விசாரணை முதலில் இணைப்பின் உரிமையாளரையே வந்தடைகிறது. 2009 பெப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து இணையச் சேவை வழங்குநர்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது.

மறையீட்டு முறைகள்

1997-இல் வந்த வெப் முறையின் குறைபாடு 2001-இல் வெளிப்பட்டது. இன்று அதைச் சில நிமிடங்களில் உடைக்கலாம். 2003-இல் டபிள்யூ.பி.ஏ., 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3 ஆகியன வந்தன. வலையமைப்பின் பெயரை மறைப்பதும், மாக் முகவரிகளை வடிகட்டுவதும் பலரால் பெரிதும் நம்பப்படுகின்றன. இவை இரண்டும் உண்மையில் வலுவற்றவை.

அமைத்தல்

திசைவியின் (ரவுட்டர்) அடியில் அச்சிடப்பட்டிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதலில் நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். பின்னர் டபிள்யூ.பி.ஏ.3 அல்லது டபிள்யூ.பி.ஏ.2 முறையைத் தெரிவு செய்து, நீண்ட கடவுச்சொல்லை இடலாம். 8 முதல் 63 எழுத்துகள் வரை ஏற்கப்படும். டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடுவது நல்லது. அதன் 8 இலக்க எண் இரு பகுதிகளாகச் சரிபார்க்கப்படுவதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் அகப்பட்டுவிடும் என்பது 2011-இல் வெளியானது.

பகிர்ந்து தங்கும் வீடுகள்

திருப்பெரும்புதூர், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் தொழிலாளர் பலர் ஒரே வாடகை வீட்டில் தங்கி ஓர் இணைப்பைப் பகிர்ந்துகொள்வதுண்டு. ஒருவர் அறையைக் காலி செய்த பின்னும் கடவுச்சொல் அவருடைய கைப்பேசியில் தங்கிவிடும். ஆகையால் ஆள் மாறும்போதெல்லாம் அதை மாற்றுதல் அவசியம். டபிள்யூ.பி.ஏ.2-இல் கடவுச்சொல் அறிந்தவர், பிறர் இணையும் கணத்தைப் பதிவு செய்தால் அவர்களுடைய வை-ஃபை மறையீட்டை நீக்க முடியும், டபிள்யூ.பி.ஏ.3 இதைத் தடுக்கிறது. வந்து செல்வோருக்குத் திசைவியிலுள்ள விருந்தினர் வலையமைப்பைத் தனிக் கடவுச்சொல்லுடன் அளிக்கலாம்.