மின்கிற்றார்: வரலாறும் பேணும் முறையும்

நாதத்தை இறைவனின் வடிவமாகக் கண்டது நம் சமயம். கலைமகளின் கரத்தில் வீணை. கண்ணபிரானின் கரத்தில் வேய்ங்குழல். ஆடவல்லானின் கரத்தில் உடுக்கை. தெய்வத் திருக்கரங்களிலே வாத்தியத்தை வைத்து வணங்கும் நாம், எந்த வாத்தியத்தையும் ஆராயாமல் இழித்துரைப்பது முறையன்று. ஆயினும், திருவிழா மேடையில் மின்கிற்றார் ஏறும்பொழுது பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பதையும், அதைக் கண்ட இளைஞர் சிலர் அவர்களைக் காலம் அறியாதவர் என ஒதுக்குவதையும் நாம் காண்கின்றோம். இரு சாராரும் அவ்வாத்தியத்தின் வரலாற்றை அறிந்த பின் பேசுவாராயின், வழக்கு பாதியளவு தானே தீர்ந்துவிடும். அக்கருத்துடனேயே இக்கட்டுரை வரையப்படுகின்றது.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இன்று கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு இன்றியமையாத பிடில் மேனாட்டிலிருந்து வந்த வாத்தியமே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை நம் இசைக்குப் பழக்கினர். ஆர்மோனியத்தின் கதையோ இன்னும் சுவையானது. அகில இந்திய வானொலி 1940 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை அதற்குத் தடை விதித்திருந்தது. ஆனால் பஜனை மடங்களும் கூத்து மேடைகளும் அதனைக் கைவிடவில்லை. வந்த வாத்தியத்தைத் தம் இசைக்கு ஏற்ப வளைத்துக் கொள்ளும் ஆற்றல் நம்மவரிடம் என்றும் இருந்து வந்துள்ளது.

ஒரே கட்டையில் எழுந்த நாதம்

சாதாரண கிற்றாரின் உடல் உள்ளே குடைவானது. தந்தியின் அதிர்வை அக்குடைவே பெருக்கித் தருகின்றது. பெரிய வாத்தியக் குழுக்களின் நடுவே அந்த ஒலி கேட்கவில்லை என்பதே 1920களில் கிற்றார் கலைஞரின் பெருங்குறையாக இருந்தது. மின்சாரத்தின் துணையை நாடியதற்கு இதுவே காரணம்.

மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. ஒரு காந்தத்தைச் சுற்றி, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதனைப் பிக்கப் என்பர். அதன் மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகின்றது. கம்பிச் சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கின்றது. அதனை அம்ப்ளிபயர் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. நைலோன் தந்தி பூட்டினால் இவ்வகைக் கிற்றார் பேசாது என்பதன் காரணமும் இதுவே. காந்தம் நைலோனை அறியாது.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜோர்ஜ் பீச்சம், அடொல்ப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் 1931, 1932 ஆம் ஆண்டுகளில் முதல் மின்கிற்றாரை உருவாக்கி விற்பனைக்குக் கொணர்ந்தனர். அது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிற்றார். வார்ப்பு அலுமினியத்தால் ஆன அதன் தோற்றத்தைக் கண்டோர் அதற்கு 'பொரிக்கும் தாச்சி' என்று பட்டப்பெயர் இட்டனர். காப்புரிமை கிடைத்தது 1937 ஆம் ஆண்டிலாகும்.

குடைவுள்ள கிற்றாரில் பிக்கப்பைப் பூட்டியபோது வேறொரு தொல்லை பிறந்தது. ஒலிபெருக்கியின் சத்தமே கிற்றாரின் குடைவை அதிரச் செய்ய, மேடை முழுவதும் ஊளைச் சத்தம் எழுந்தது. குடைவே இல்லாவிட்டால் என்ன என்று எண்ணினார் லெஸ் போல் என்ற கலைஞர். 1940 ஆம் ஆண்டளவில் அவர் ஒரு கனத்த மரச்சட்டத்தின் மேல் தந்தியும் பிக்கப்பும் பூட்டி, பார்வைக்காக இரு பக்கமும் பழைய கிற்றாரின் பாதிகளை ஒட்டி வாசித்தார். அதனைக் 'கட்டை' என்றே அழைத்தார். கிப்சன் கம்பனியார் முதலில் அதனை ஏற்றிலர்.

அவர்களின் மனத்தை மாற்றியவர் லியோ பென்டர். அவர் கலிபோர்னியாவில் றேடியோ திருத்தும் கடை நடத்தியவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். அவர் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரே கட்டைக் கிற்றார், பெயர்ச் சிக்கல் ஒன்றின் பின் 1951 ஆம் ஆண்டில் ரெலிகாஸ்டர் எனப் பெயர் பெற்றது. பலகையைக் கிற்றார் வடிவில் அறுத்து, கழுத்தைத் திருகாணிகளால் இணைத்தார். கழுத்துப் பழுதானால் கழற்றி மாற்றலாம். அதே ஆண்டில் பிரெசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிற்றாரையும், 1954 ஆம் ஆண்டில் மூன்று பிக்கப்புகள் கொண்ட ஸ்ராற்றோகாஸ்டரையும் அவர் தந்தார்.

இதனைக் கண்ட கிப்சன் கம்பனியார் 1952 ஆம் ஆண்டில் லெஸ் போலின் பெயரிலேயே ஒரு கிற்றாரை வெளியிட்டனர். பின் அவர்களது பொறியியலாளர் சேத் லவர், இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின்சார இரைச்சலை நீக்கும் 'ஹம்பக்கர்' பிக்கப்பை ஆக்கினார். 1957 ஆம் ஆண்டு முதல் அது கிப்சன் கிற்றார்களில் இடம்பெற்றது. இன்று உலகெங்கும் செய்யப்படும் மின்கிற்றார்களிற் பெரும்பாலானவை இவ்விரு குடும்பங்களின் வழிவந்தவையே. லியோ பென்டர் 1965 ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தை 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு விற்றார். அதன் முன் செய்யப்பட்ட கிற்றார்களை இன்று பெருவிலை கொடுத்து வாங்குவோர் உளர். அவர் 1991 ஆம் ஆண்டிலும், லெஸ் போல் 2009 ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

கைகளின் பெருமை

மின்கிற்றார் என்றதும் களியாட்டமே நினைவுக்கு வரும் பெரியோர்க்கு ஒரு பெயரைச் சொல்ல விரும்புகின்றோம். சகோதரி ரொசெற்றா தார்ப் என்ற கறுப்பின மாது (1915–1973) தம் சமயத்தின் பக்திப் பாடல்களை மின்கிற்றார் இசைத்துப் பாடியவர். பின்வந்த ரொக் இசையினர் பலர் அவரையே முன்னோடியாகப் போற்றினர். களியாட்ட இசையின் வேரிலே பக்தி இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜிமி ஹென்றிக்ஸ் (1942–1970) இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையாளருக்கான ஸ்ராற்றோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்தார். 1969 ஆம் ஆண்டில் உட்ஸ்டொக் விழாவில் தம் நாட்டுக் கீதத்தை வாசித்தபோது, வியட்நாம் யுத்தத்தின் குண்டோசையையும் ஓலத்தையும் அக்கிற்றாரில் எழுப்பினார் என்று கேட்டோர் உணர்ந்தனர். இருபத்தேழு வயதில் அவர் வாழ்வு முடிந்தமை வருந்தத்தக்கது.

ஜோன் மக்லாக்லின் என்ற ஆங்கிலேயர் நம் வீணையின் கமகத்தை விரும்பியவர். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளுக்கிடையே தந்தியை இழுத்து வளைக்க இடமுண்டு. கிற்றாரிலோ விரல் பலகையில் தட்டும். ஆகவே மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைவித்த கிற்றாரை அவர் வாசித்தார். எல். சங்கரின் வயலினும், விக்கு விநாயக்ராமின் கடமும், சாகீர் ஹுசேனின் தபேலாவும் சேர 1970களின் நடுவில் 'சக்தி' என்னும் குழு உருவாயிற்று.

நம்மவருள் இதற்குச் சிகரமாக நின்றவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திர மாநிலத்தின் பாலக்கொல்லுவில் 1969 ஆம் ஆண்டில் பிறந்தவர். சாதாரண மாண்டலினில் நாதம் விரைவில் அடங்கிவிடும். நீண்ட கார்வையும் கமகமும் அதில் நில்லா. இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய ஒரே கட்டை மின் மாண்டலினை அவர் கையாண்டார். கிற்றாருக்கு எந்த உத்தி உதவிற்றோ அதே உத்திதான். குரு ருத்ரராஜு சுப்பராஜு பாட, சிறுவன் அதனைத் தந்தியில் எடுத்தான். 1978 ஆம் ஆண்டில் குடிவாடாவில் தியாகராஜர் விழாவில் அரங்கேறி, 1981 ஆம் ஆண்டில் சென்னை ரசிகரை வியப்பில் ஆழ்த்தினான். இது கச்சேரி வாத்தியமா என்று ஐயுற்றோரின் வாயை அவன் வாசிப்பே அடைத்தது. 1998 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ பெற்ற அம்மேதை 2014 ஆம் ஆண்டில் நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்தார். மின்கிற்றாரிலேயே கர்நாடக இசை வாசித்துவரும் பிரசன்னா, ஹென்றிக்ஸுக்கு அஞ்சலியாக வெளியிட்ட இசைத்தட்டுக்கு விநாயகப் பெருமானின் நாமத்தைச் சேர்த்தே பெயரிட்டார்.

நம் மாவட்டத்திற்கும் இவ்வகை இசை முற்றிலும் அந்நியமன்று. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சத்தினரின் 'மஞ்சா' பாட்டும், போர்த்துக்கேயர் தொடர்பால் வளர்ந்த பைலாவும் இக்கரையோரத்தின் சொத்தே. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் கிற்றாருடன் பாடிய தமிழ்ப் பொப் பாடல்கள் கடல் கடந்தும் ஒலித்தன.

உப்புக் காற்றும் வாத்தியமும்

வள்ளத்தின் ஆணியையும் தூண்டிலையும் அரிக்கும் உப்புக் காற்று கிற்றாரையும் விட்டுவைப்பதில்லை. உடப்பு முதல் கற்பிட்டி வரை வாழும் நம் இளைஞர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளை மேலும் கீழும் துடைத்தல் வேண்டும். கை வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் சில நாட்களிலேயே துரு ஏறும். துருவேறிய தந்தி சுருதியில் நில்லாது; மெட்டுகளையும் தேய்க்கும். தந்திகளை ஒன்றொன்றாக மாற்றினால் கழுத்தின் இழுவிசை குலையாது. பெட்டியுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளை இடுக. விரற்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாகாது. அது சிக்குப் பிடித்து அழுக்கைச் சேர்க்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துள் கிற்றாரை விட்டுச் செல்லலாகாது.

கழுத்தினுள் ஓர் இரும்புக் கம்பி உண்டு. கழுத்து வளைந்தால் அதன் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பற்க. திருப்பியபின் சிறிது பொறுத்துப் பார்த்தே அடுத்த திருப்பம். ஒலிக் குமிழ்கள் கரகரத்தால் தூசும் துருவுமே காரணம்; அதற்கென உள்ள சுத்திகரிப்புத் திரவத்தைச் சிறிது தெளித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

எல்லாவற்றிலும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. மின்கிற்றாரின் தந்திகள் எர்த் கம்பியுடன் தொடர்புடையவை. மேடை மின்னிணைப்பில் பிழை இருப்பின், கிற்றாரைப் பிடித்த கையும் ஒலிவாங்கியைத் தொடும் உதடும் மின்சாரத்திற்குப் பாதையாகிவிடும். ஸ்கொத்லாந்துக் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 ஆம் ஆண்டு மே 3 ஆம் திகதி சுவான்சி நகர மேடையில், எர்த் இணைப்புச் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு உயிரிழந்தார். அவருக்கு வயது இருபத்தேழே. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். நம் விழா மேடைகளோ ஈர மணலில், தற்காலிகக் கம்பிகளுடன் எழுபவை. ஆகவே மூன்று முளைச் செருகியின் எர்த் முளையை ஒருபோதும் நீக்கலாகாது. ட்ரிப் சுவிட்ச் இன்றி மேடைக்கு மின்சாரம் எடுக்கலாகாது. ஈரக் கையுடனும் வெறுங்காலுடனும் வாசிக்கலாகாது. வால்வு அம்ப்ளிபயரைச் செருகியைக் கழற்றிய பின்னும் தாமே திறக்கலாகாது; அதனுள் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தேர்ச்சி பெற்ற மின்னியலாளர் ஒருவர் இணைப்புகளைச் சோதித்த பின்னரே முதற் பாட்டுத் தொடங்க வேண்டும். இதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு இளைஞருடையது. அதற்கான செலவைத் தயங்காது அனுமதிக்கும் பொறுப்பு பெரியோருடையது.

பெரியோரின் குறை பெரும்பாலும் சத்தம் பற்றியதே. அது நியாயமான குறை. ஆனால் சத்தம் கிற்றாரின் குற்றமன்று. குமிழைத் திருப்பும் விரலின் குற்றம். பஜனையிலே பாடுவோரின் குரல் மேலே நிற்க, கிற்றார் கீழே நின்று தாங்குமாயின் எவரும் வெறுக்கார். இளைஞர்காள்! ஸ்ரீநிவாஸ் எதிர்ப்பை வாதத்தினால் வெல்லவில்லை, சாதகத்தினால் வென்றார். பெரியோர்களே! அச்சிறுவன் முன் பாடிக் காட்டிய குருவைப்போல நீங்களும் இளைஞர்க்கு நம் பண்ணும் இராகமும் பாடிக் காட்டுங்கள். அவர்கள் கையிலுள்ள தந்தி அதனை எடுத்துக்கொள்ளும். நாதப் பிரமம் அனைவர்க்கும் நன்மை அருள்வதாக!