பட்டறைச் சத்தமும் நடனக்கூடமும்

'இதென்னய்யா, தகரக் கொட்டகையில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு' என்றார் நண்பர். கேபரே வோல்டேர் குழுவின் 'நாக் நாக் நாக்' (1979) பாடலைப் போட்டுக் காட்டியிருந்தேன். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது சரியான விமர்சனமாகவே பட்டது.

இங்கிலாந்தின் எஃகு நகரம் ஷெஃபீல்டு. சம்மட்டி எந்திரங்களின் ஓசை இரவிலும் ஓயாத ஊர். அங்கே 1973இல் ரிச்சர்ட் கிர்க், ஸ்டீபன் மாலிண்டர், கிறிஸ் வாட்ஸன் மூவரும் சேர்ந்து தொடங்கிய குழு இது. முறையான இசைப்பயிற்சி இல்லாதவர்கள். 1916இல் ஸூரிச் நகரில் தாதாயியக்காரர்கள் நடத்திய விடுதியின் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டார்கள். ஒலிநாடாவை வெட்டி, ஒட்டி, திருப்பி ஓட்டுவதுதான் இசை. பர்ரோஸ் எழுத்தில் செய்த வெட்டியொட்டும் உத்தியை இவர்கள் ஒலியில் செய்தார்கள். 1975இல் நடந்த முதல் மேடை நிகழ்ச்சி அடிதடியில் முடிந்தது.

'தொழிற்சாலை இசை' என்ற பெயர், த்ராபிங் கிரிஸ்ல் குழு 1976இல் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரிலிருந்து பரவியது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கேபரே வோல்டேர் தொழிலாளியின் கதையைப் பாடவில்லை. தொலைக்காட்சி, மதப் பிரசங்கம், காவல்துறை என அதிகாரம் பேசும் குரல்களைத்தான் பிடித்துச் சிதைத்தது. 'ரெட் மெக்கா' (1981) ஈரானில் எழுந்த மத அரசியலையும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கச் செய்தது.

1981இல் வாட்ஸன் விலகினார். நாடாத் துண்டுகள் பின்னுக்குப் போக, தாள எந்திரமும் சீக்வென்சரும் முன்னுக்கு வந்தன. 'தி கிராக்டவுன்' (1983) ஆடக்கூடிய இசை. இங்கேதான் வழக்கமான தீர்ப்பு வந்து விழும்: எதிர்ப்பிலிருந்து கேளிக்கைக்கு. 'வித்துட்டானுங்கப்பா' என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான்.

ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தத் தீர்ப்பு ஆட்டம் கண்டது. 1980இல் எஃகுத் தொழிலாளர் 13 வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். 1983இல் ஹாட்ஃபீல்ட்ஸ் எஃகாலை மூடப்பட்டது. 1984 ஜூன் 18 அன்று, நகருக்கு அருகே ஆர்க்ரீவில் குதிரைப்படை போலீஸ் சுரங்கத் தொழிலாளர்மீது பாய்ந்தது. 95 பேர்மீது வழக்கு. மறு ஆண்டே அது நீதிமன்றத்தில் சரிந்தது. இரைச்சல் இசை எதைப் பகடி செய்ததோ, அந்த ஓசையே ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதன் தாளம் மட்டும் நடனக்கூடத்துக்குள் நுழைந்துகொண்டது. அதிகாரத்தின் குரலையும் குழு கைவிட்டுவிடவில்லை: 1985இல் வந்த தொகுப்புக்கு ஒரு அமெரிக்க வலதுசாரி ஆயுதக் கும்பலின் பெயரையே சூட்டியது.

1990இல் வந்த தொகுப்புக்காக சிகாகோ போய் மார்ஷல் ஜெஃபர்சனோடு வேலை செய்தார்கள். அவர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 'ஹவுஸ்' இசையை உருவாக்கியவர்களில் ஒருவர். கறுப்பின, தற்பால் விழைவு இளைஞர்களின் விடுதிகளில் பிறந்த இசை அது. சிகாகோவும் எஃகு ஊர்தான். விஸ்கான்சின் ஸ்டீல் ஆலை 1980லேயே மூடப்பட்டிருந்தது. அதே 1990இல் ஷெஃபீல்டில் ஹாட்ஃபீல்ட்ஸ் இருந்த இடத்தில் மெடோஹால் என்ற பிரம்மாண்டமான அங்காடி திறக்கப்பட்டது. உற்பத்தி நடந்த தரையில் நுகர்வு. இதற்கு மேல் கோட்பாடு எதற்கு?

அதற்காக நடனத்தைப் புரட்சி என்று நான் கொண்டாட வரவில்லை. வேலை இழந்தவர்கள்தான் போய் ஆடினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. என் விமர்சனம் வேறு: வேலையின் தாளத்தை எடுத்துக்கொண்ட இவர்கள் வேலை செய்தவரின் குரலை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் குறை 'எதிர்ப்புக்' காலத்திலும் இருந்தது, 'கேளிக்கைக்' காலத்திலும் இருந்தது. இரைச்சல் என்றால் கலகம், தாளம் என்றால் சரணாகதி என்று பிரித்துவிட்டால் இந்தக் குறை நம் காதில் விழாமலே போய்விடும்.

வாட்ஸன் பிறகு காட்டுயிர்களின் ஒலியைப் பதிவுசெய்பவராகப் பெயர் பெற்றார். குழுவின் பெயரைத் தனியாளாகச் சுமந்த கிர்க் 2021இல் இறந்துபோனார். அந்த நண்பருக்கு இப்போது 1983 தொகுப்பைப் போட்டுக் காட்டினேன். 'இதுலயும் அதே ஆணிதான், சீரா அடிக்கிறான்' என்றார். தோழர்களும் கேட்டுவிட்டு எழுதட்டும்.