ஒருநாள் நல்ல பிள்ளை

குறுவை அறுவடை நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி பக்கம் போயிருக்கிறீர்களா? ரோட்டில் பாதி நெல் காயும். மீதிப் பாதியில் நீங்களும் நெல் லாரியும்! முன்னால் போகும் லாரி ஒரு பாலத்து மேட்டில் தம் பிடித்து ஏறும்போது கன்னங்கரேலென்று ஒரு புகை விடும் பாருங்கள்... அவசரமாகக் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ‘இதுக்கெல்லாம் எவன்யா சர்டிபிகேட் தர்றான்?’ என்று நீங்களும் ஒருமுறையாவது திட்டியிருப்பீர்கள்.

நியாயமான கேள்வி. ஆச்சரியம் என்னவென்றால், அந்த லாரியிடம் செல்லுபடியாகும் சர்டிபிகேட் இருக்கலாம். அதுவும் முறைப்படி பரிசோதித்து வாங்கியதாகவே இருக்கலாம்! இது எப்படி என்பது சுவாரஸ்யமான கதை.

புகையைச் சட்டம் போட்டு அடக்கும் முயற்சி இந்தியாவில் லாரிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1863-லேயே கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. அன்றைய வில்லன் நிலக்கரி. சரி, புகை ‘அதிகம்’ என்று எப்படி நிரூபிப்பது? இன்ஸ்பெக்டருக்குக் கறுப்பாகத் தெரிவது மில் முதலாளிக்கு வெள்ளையாகத் தெரியுமே!

இதற்கு வழி கண்டுபிடித்தவர் மாக்ஸிமிலியன் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர். வேடிக்கை என்னவென்றால், அவர் விவசாய இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர். 1888 வாக்கில் வெள்ளை அட்டைகளில் கறுப்புக் கோடுகளைக் கட்டம் கட்டமாகப் போட்டார். முதல் அட்டையில் 20 சதவிகிதம் கறுப்பு, அடுத்ததில் 40 என்று ஏறிக்கொண்டே போய் ஐந்தாவது முழுக் கறுப்பு. அட்டையைத் தூரத்தில் மாட்டிவிட்டு, புகை எந்த அட்டையின் நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டியது. அவ்வளவுதான்! உலகம் முழுக்க இந்த அட்டை பரவியது.

லாரிக்கு வருவோம். 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று உண்டு. நாம் சொல்லும் எஃப்.சி. அதுதான். ஆய்வு செய்பவருக்கு அரசாங்கம் கொடுத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஜனங்கள் கொடுத்த பெயர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. எதைப் பார்க்க வருகிறார் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது, இல்லையா? புகைக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோல் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில்தான் வந்தது. அதில் 115-வது விதி புகைக்கு.

அட்டையின் இடத்தில் இப்போது மீட்டர். ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் கருவி, நடுவில் புகை. எவ்வளவு வெளிச்சம் மறைகிறது என்பதுதான் கணக்கு. ஹார்ட்ரிட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரால் இந்த அளவைச் சொல்கிறார்கள். பழைய டீசல் வண்டிகளுக்கு 65 வரை அனுமதி. பி.எஸ்.-4 வகை வண்டிகளுக்கு 50.

பரிசோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? வண்டி நியூட்ரலில் நிற்கும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து விட வேண்டும். சில தடவை இப்படிச் செய்து சராசரி எடுப்பார்கள். கவனியுங்கள், வண்டியில் ஒரு மூட்டைகூடக் கிடையாது! 40 கிலோ சிப்பமாக 250 ஏற்றினால் 10 டன். அந்தப் பாரத்தோடு மேடு ஏறும்போது என்ஜின் விடுகிற புகை வேறு, நின்ற இடத்தில் உறுமும்போது விடுகிற புகை வேறு.

போதாததற்கு எஃப்.சி. என்பது வீட்டுக் கல்யாணம் மாதிரி. சில நாள் முன்பே வண்டி பட்டறைக்குப் போய்விடும். டிங்கரிங், பெயிண்ட், பிரேக் லைனிங், புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்... கடைசியாகப் புகை. ஒழுங்கான மெக்கானிக் ஏர் ஃபில்டரை மாற்றுவார், நாஸிலைக் கழற்றி டெஸ்ட் பண்ணுவார், டீசல் பம்ப்பை சர்வீஸுக்கு அனுப்புவார். கறுப்புப் புகை என்றால் எரிகிற டீசலுக்குத் தகுந்த காற்று இல்லை என்று அர்த்தம். நீலம் என்றால் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. அது பெரிய செலவு.

குறுக்கு வழியும் உண்டு. பழைய பம்ப்பில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை ஒரு ஸ்க்ரூ முடிவு செய்யும். அதைக் கொஞ்சம் குறைத்தால் புகையும் குறையும், ‘பிக்கப்’பும் குறையும். மீட்டர் முன்னால் லாரி சமர்த்தாக நிற்கும். சர்டிபிகேட் கைக்கு வந்ததும், ‘அண்ணே, இழுவை பத்தலைண்ணே’ என்று ஸ்க்ரூவை மறுபடி திருப்பிவிட்டால் தீர்ந்தது. வருஷத்தில் ஒருநாள் நல்ல பிள்ளை!

உடனே, ‘நம்ம ஊர்லதான் இப்படி’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உலகப் புகழ் பெற்ற ஜெர்மன் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் செய்ததும் இதேதான். ஸ்க்ரூவுக்குப் பதில் கம்ப்யூட்டர் புரோகிராம்! ‘இப்போது பரிசோதனை நடக்கிறது’ என்று கார் தானே கண்டுபிடித்து அடக்கமாக இருக்கும். ரோட்டுக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை விடும். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு இதைப் பகிரங்கமாக்கியபோது, உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது தெரியவந்தது.

இந்த ஒருநாள் நாடகத்துக்கு மாற்று மருந்து பிறந்த இடம் கலிஃபோர்னியா. 1950 வாக்கில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் கண் எரிச்சல் மூட்டம். அங்கே அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி, அந்தக் காற்றையும் பிரித்துப் பார்த்தார். கார் புகையும் எண்ணெய் ஆலை வாயுக்களும் வெயிலில் சேர்ந்து விஷமாகின்றன என்று நிரூபித்தார். விதிகள் இறுகின. 1988 மாடல் கார்களிலிருந்து, தன் கோளாறைத் தானே கவனிக்கும் ஏற்பாடு அங்கே கட்டாயமானது. 1996 முதல் அமெரிக்காவின் எல்லாப் புதுக் கார்களிலும் அதன் அடுத்த அவதாரம்.

வகுப்பில் பிள்ளைகளைக் கவனிக்க ஒரு மானிட்டர் இருப்பானே, அதுமாதிரி என்ஜினுக்குள்ளும் மானிட்டர்கள். சென்ஸார் சரியா, புகை வடிகட்டி சரியா என்று ஒவ்வொன்றும் ஒன்றைக் கவனிக்கும். கோளாறு என்றால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். ‘பாட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுமே?’ என்கிறீர்களா? அணையலாம். ஆனால் கூடவே மானிட்டர்களும் ‘தயாரில்லை’ என்று சொல்லிவிடும்! ஆற வைத்து ஸ்டார்ட் பண்ணி, ஊருக்குள்ளும் ஹைவேயிலும் நிஜமாகவே ஓட்டிக் காட்டினால்தான் ஒவ்வொன்றாகத் ‘தயார்’ ஆகும். பல அமெரிக்க மாநிலங்களில் தயாராகாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நின்ற இடத்தில் நடிக்க முடியாது. ஓடித்தான் நிரூபிக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் இந்தியாவுக்கு பி.எஸ்.-6 வந்ததிலிருந்து நம் புது லாரிகளிலும் இந்தக் காவல்காரர்கள் இருக்கிறார்கள். டீசலும் மாறிவிட்டது. 1990-களின் ஆரம்பத்தில் 10 லட்சம் பங்கு டீசலில் 10,000 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். இன்று 10 பங்குதான்! ஆனால் நெல் ஏற்றும் பழைய லாரிக்கு மானிட்டரும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. அதற்கு எப்போதும் அந்த ஒருநாள் பரிசோதனைதான்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடலாமே’ என்பது சுலபம். கொஞ்சம் கொள்முதல் நிலையத்துக்கு வாருங்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் என்பது வழக்கமான விதி. காத்திருந்து, காய வைத்து, எடை போட்ட மூட்டைகளைக் கிடங்குக்குக் கொண்டுபோக லாரி வந்தாக வேண்டும். வரத் தாமதமானால் அடுக்கிய இடத்திலேயே மழை. 2025 அக்டோபரில் டெல்டாவில் மூட்டைகள் தேங்கி, மழையில் நனைந்து, நெல் முளைவிட்டதை நாம் பார்த்தோம். லாரி ஓடாமல் நின்றால் விவசாயியின் வயிறு எரியும்.

ஓடினால்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 2012-ல் உறுதியாக அறிவித்துவிட்டது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்ட நீங்கள் அல்ல. ஏற்றிக்கொள்ள கண்ணாடி இல்லாதவர்கள். வண்டிக்குப் பின்னால் நின்று மூட்டை ஏற்றும் லோடுமேன், ரோட்டோரம் நெல்லைத் துழாவிவிடும் அம்மா.

அதனால், லாரி வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் ஒன்று சொல்லுங்கள். ஃபில்டர், நாஸில், பம்ப் மூன்றையும் எஃப்.சி. தேதிக்காகப் பார்க்க வேண்டாம். ஆடியில், வேலை குறைந்த நாளில், அறுவடைக்கு முன்பே பார்த்துவிடட்டும். கறுப்புப் புகை என்பது எரியாமல் வெளியே போகும் டீசல். அதாவது காசு கொடுத்து வாங்கிய சரக்கு! ஸ்க்ரூவைத் திருப்பிப் பெற்ற சர்டிபிகேட் செக்போஸ்ட்டில் செல்லும். லோடுமேனின் நுரையீரலில் செல்லாது.